இல்லத்து ஒலிப்பதிவும் ஈற்று மெய்யும்

சிலாங்கூர் மாநிலத்து உலு லங்காட் மாவட்டத்தில், காஜாங்குக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள செமினி, இரப்பர்த் தோட்டங்களால் அறியப்பட்ட ஊர். அத்தோட்டங்கள் பலவும் இன்று தாமான்களாகிவிட்டன. 2005ஆம் ஆண்டில் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் புரோகா சாலையில் வந்தமைந்தது. ஊரின் தோற்றமும் மாறிற்று. லயத்தில் வாழ்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இப்போது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருக்கின்றனர். (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கும் தாள ஒழுங்குக்கும் ‘லயம்’ என்னும் ஒரே சொல் வழங்குவது மலேசியத் தமிழில் அமைந்த விந்தை. முன்னது ஆங்கிலச் சொல்லின் திரிபு, பின்னது வடசொல்.) அவ்வீடுகளின் ஓர் அறையில், ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் கொண்டு பாட்டுக் கட்டிப் பதிகின்ற இளைஞர் செமினியில் உளர், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உளர்.

இப்பாட்டுகளைப் பற்றித் தமிழாசிரியர் கூறும் குறை ஒன்று. அவற்றைப் பதிவோர் கூறும் குறை வேறொன்று. தமிழ் தெளிவாக ஒலிக்கவில்லை, எழுத்துகள் சிதைகின்றன, பொருள் விளங்கவில்லை என்பர் ஆசிரியர். கணினி காலந்தாழ்த்துகிறது, இரைச்சல் புகுகிறது, காதணியில் இனித்த பாட்டு காரில் கசக்கிறது என்பர் இளைஞர். இவ்விரு குறைகளும் பெரும்பாலும் ஒரே குறையின் இரு முகங்களே என்பது பாட்டுகளை இலக்கண அறிவோடு செவிமடுப்பார்க்குப் புலனாகும். அஃது உணரப்படாமையால், பொறியின் பிழை மாணவன் தலையிலும், மாணவன் பிழை பொறியின் தலையிலும் ஏற்றப்படுகின்றன. பாட்டுப் போட்டிகளில் மதிப்பெண் இடுவோர்க்கு இது சிறு செய்தி அன்று.

வீட்டில் பதிந்த இசை தாழ்ந்த இசை என்று கருதுதல் முதற்கண் விலக்கத்தக்கது. இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசுதற்குரிய ‘மிடி’ என்னும் பொதுமுறை 1983இல் வந்தது. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தின் இசையில் இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’வின் இசையை ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்துக்கொண்ட பதிவுக்கூடத்தில் உருவாக்கினார். அண்மையில், லாஸ் ஏஞ்சலிசில் தமையனின் படுக்கையறையில் பதிந்த இசைத்தொகுப்புக்காக, பில்லி ஐலிஷ் என்னும் இளம்பெண் 2020இல் கிராமி விருதுகளுள் தலையாயதைப் பெற்றார். வீடு என்பது தடை அன்று என்பதற்கு இவை போதும். ஆயினும் ரகுமானின் இல்லக்கூடம் ஒலிப்பதிவுக்கென்றே கட்டப்பட்டது என்பதை மறத்தலாகாது. தகரக் கூரையின்மேல் மழை கொட்டும் பின்கட்டு அன்று அது.

மலேசியத் தமிழர்க்கு இத்துறையில் முன்மாதிரியாய் நின்றது 2006இல் யோகி பி – நட்சத்திரா குழுவினர் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, அதன் பல்லவிக்கிடையே தம் சொல்லிசையைப் பெய்து அவர்கள் புதுப்பாட்டாக்கினர். பழைய மெட்டும் புதிய சொல்லும் முறைவைத்து வருகின்றனவே அன்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதிக்கவில்லை. அதன்பின் வந்த வீட்டுப் பாட்டுகள் பல இந்த முறைவைப்பை விட்டுவிட்டு, கலப்பை மட்டும் கைக்கொண்டன. கருவி எளிதிற் கிடைத்ததும் ஒரு காரணம். 1997இல் பெல்ஜியத்தில் தோன்றிய ‘ஃபுரூட்டிலூப்ஸ்’ (இன்று ‘எஃப்எல் ஸ்டூடியோ’) வாங்கத்தக்க விலையிலும், 2000இல் வெளியான ‘ஒடாசிட்டி’ விலையின்றியும் கிடைத்தன. பத்துத் தடங்களை அடுக்குதற்குப் பத்துக் கலைஞர் வேண்டியதில்லை என்றாயிற்று. வேண்டாத ஒன்பதை நீக்குதற்கு ஒருவர் வேண்டும் என்பது மட்டும் நினைவில் நில்லாது போயிற்று.

இளைஞர் முதலிற் சொல்லும் குறை காலத்தாழ்வு. பாடுவோன் குரல் ஒலிவாங்கி வழியே கணினிக்குள் சென்று, எண்களாக மாறி, மீண்டும் ஒலியாகிக் காதணிக்கு வரவேண்டும். கணினி ஒலியை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, அவ்வளவுகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கையாளுகிறது. ஒரு கட்டு 1,024 அளவுகள் கொண்டதாயின், அது நிரம்புதற்கே ஒரு நொடியின் ஆயிரத்தில் 23 பங்கு ஆகும். போகவும் வரவும் 46 பங்கு. கட்டைச் சிறிதாக்கினாலோ, வலிமை குறைந்த கணினி திணறி, ஒலி வெடுக்வெடுக்கென முறிகிறது. பெரிதாக்கினால் தாழ்வு, சிறிதாக்கினால் முறிவு. இரண்டுக்கும் நடுவே வழி தேடியே பல மாலைகள் கழிகின்றன.

46 பங்கு என்பது அற்பம் அன்றோ எனலாம். அன்று. காற்றில் ஒலி அந்நேரத்தில் ஏறத்தாழ 16 மீட்டர் செல்லும். பாடகன் ஓரிடத்தும் மேளக்காரன் பதினாறு மீட்டர் அப்பாலும் நின்று இசைப்பதற்கு இஃது ஒப்பாகும். தைப்பூச ஊர்வலத்தில் உறுமி மேளத்தார் இத்தகைய தொலைவைக் கண்ணாலும் கையசைவாலும் சமாளித்துக்கொள்கின்றனர். ஒற்றை அறையில் திரையைப் பார்த்திருப்பவனுக்கு அத்துணை இல்லை. மேலும், மணித்துளிக்கு 90 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கு நான்கு குறில்களாகச் சொல்லிசை ஓடுமாயின், ஒரு குறிலுக்குக் கிடைப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் 167 பங்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்னும் கணக்கின்படி மெய்க்கு உரியது 83 பங்கு. தாழ்வோ 46. ஒரு மெய்யெழுத்தின் பாதிக்கு மேற்பட்ட காலம் பிந்தித் தன் குரலைத் தானே கேட்பவன் தடுமாறுவதில் வியப்பில்லை. ஒருவர் பேச்சையே ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு பிந்திச் செவியில் ஊட்டினால் நா குழறும் என்பது 1950களிலேயே ஆய்ந்து கண்ட உண்மை. ஆகவே குழறிய பாட்டைக் கேட்டதும் பயிற்சிக் குறை என்று தீர்ப்பளித்தல் முறையாகாது. பதியும்போது தன் குரலைக் கணினி வழியாகக் கேளாமல், ஒரு காதைத் திறந்துவைத்து நேரே கேட்டுப் பாடியவன் இக்குறையிலிருந்து பெரிதும் தப்பிவிடுகிறான். செலவில்லாத மருந்து இது, பலர் அறியாதது.

இரைச்சலைப் பற்றிய குறையே தமிழுக்கு மிகவும் நெருங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. மழை நின்றால் மின்விசிறி. அதையும் நிறுத்தினால் வியர்வை. சாளரத்தைத் திறந்தால் மோட்டார் சைக்கிள். இவ்விரைச்சலை நீக்குதற்கு மென்பொருள்கள் ‘நாய்ஸ் கேட்’ என்னும் ஒரு வாயிலை வைத்திருக்கின்றன. குரல் ஒரு குறித்த அளவுக்கு மேல் உயர்ந்தால் வாயில் திறக்கும். அதற்குக் கீழே தாழ்ந்தால் மூடிக்கொள்ளும். சொற்களுக்கு இடையே விசிறியின் ஓசை கேளாது. பதிவு தூய்மையாகிவிட்டது என்று இளைஞன் மகிழ்கிறான். வாயில் மூடியபோது அதன் இடுக்கில் அகப்பட்டது எது என்பதை அவன் நோக்குவதில்லை.

அகப்படுவது சொல்லின் ஈற்று மெய். தமிழில் சொல்லுக்கு ஈறாகும் மெய்கள் பதினொன்று என வரையறுப்பது தொல்காப்பியம்: ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள். இவற்றுள் வல்லெழுத்து ஒன்றேனும் இல்லை; எல்லாம் மெல்லினமும் இடையினமுமே. வல்லெழுத்தாயின் தன் வெடிப்பொலியால் மூடும் வாயிலை மீண்டும் திறந்துகொள்ளவும் கூடும். மெல்லொலிகளுக்கு அவ்வாற்றல் இல்லை. உயிரொலி உரத்து எழுந்து, ஈற்று மெய்யில் குரல் அடங்குகையில், பொறி அதனையும் விசிறியின் ஓசை என்றே எண்ணிக் கதவைச் சாத்திவிடுகிறது.

இதனால் விளையும் கேடு ஓசைக் கேட்டோடு நிற்பதன்று. வந்தான், வந்தாள், வந்தார் என்னும் மூன்றிலும் வேறுபாடு முழுவதும் அந்த ஈற்று மெய் ஒன்றில்தான் இருக்கிறது. ஆண்பாலை உணர்த்துவது ன். பெண்பாலை உணர்த்துவது ள். பலர்பாலை உணர்த்துவது ர். அதனைப் பொறி விழுங்கிவிட்டால் எஞ்சுவது ‘வந்தா’ என்பதே. வந்தவன் காதலனா, காதலியா, ஊராரா என்பது கேட்போர்க்கு விளங்காது. பிறமொழிகள் பலவற்றில் பால் காட்டும் வேலையைத் தனிச்சொல் ஏற்றுக்கொள்கிறது. சொல்லின் கடைக்கோடி மங்கினாலும் பொருள் நிற்கும். தமிழ் தன் திணையையும் பாலையும் எண்ணையும் இடத்தையும் வினைமுற்றின் வால்முனையில் தொங்கவிட்டிருக்கும் மொழி. அதன் வாலை நறுக்கும் கருவியை அதற்குமேல் ஏவுவோர் மிகுந்த விழிப்போடு ஏவுதல் வேண்டும். குற்றியலுகரத்துக்கும் இதே கதி நேர்கிறது. ‘பாட்டு’ என்பது ‘பாட்ட்’ என நின்றுவிடும். ஆயினும் அதனால் பொருள் கெடுவது அரிது.

பேச்சுத்தமிழில் ‘வந்தா’ என்று ஈறு கெடுவது இயல்புதானே என்று கேட்பாருளர். உண்மை. ‘அவ வந்தா’ என்று எழுதிப் பாடுவது ஒரு நடை. அதற்கு அதன் அழகு உண்டு. ‘வந்தாள்’ என்று எழுதி, ‘வந்தாள்’ என்றே பாடி, ‘வந்தா’ என்று வெளிவருவது வேறு. முன்னதில் முடிவு செய்தவன் பாட்டுக்காரன். பின்னதில் முடிவு செய்தது பொறி.

எது யார் பிழை என்று பிரித்தறிவதற்கு இலக்கணமே ஓர் உரைகல்லைத் தருகிறது. மெய்யீற்றுச் சொல்லின் பின் உயிர்முதற் சொல் வந்தால், அம்மெய்யின்மேல் உயிர் ஏறிக்கொள்ளும். ‘வந்தாள் அன்னை’ என்பது ‘வந்தாளன்னை’ என ஒலிக்கும். அங்கே ளகரம் அடங்கும் ஒலியாக இல்லை. அகரத்தைத் தாங்கி உரத்து எழும் ஒலியாகிவிட்டது. வாயில் அதனை மூடாது. ஆகவே ஒரு பாட்டில் அடியின் இறுதியிலும் நிறுத்தங்களிலும் மட்டும் ஈற்று மெய் மறைந்து, புணர்ச்சியில் அதே மெய் தெளிவாக வருமாயின், குற்றம் பொறியினது. புணர்ச்சியிலும் அது வழுக்கி, ளகரம் லகரமாகவோ னகரமாகவோ ஒலிக்குமாயின், குற்றம் நாவினது. மதிப்பெண் இடுவோர் இரண்டு அடிகளை இவ்வாறு ஒப்பிட்டுக் கேட்டாலே போதும். பாட்டு எழுதுவோர்க்கும் இதில் பயனுண்டு. பால் காட்டும் வினைமுற்றை அடியிறுதியில் நிறுத்தாது, உயிர்முதற் சொல்லொன்றை அடுத்து வைத்தால், பொறியின் வாய்க்குத் தப்பலாம். பதிவோர்க்கோ, வாயிலின் திறப்பு அளவைத் தாழ்த்துவதும், அது மெல்ல மூடுமாறு நேரத்தை நீட்டுவதும் கைக்கெட்டிய வழிகள். அதனினும் சிறந்தது, மழை ஓய்ந்த இரவில் விசிறியை நிறுத்தி, ஒலிவாங்கிக்குப் பின்னே ஒரு மெத்தையைச் சாத்திவைத்து, வாயிலே இன்றிப் பதிவது.

வல்லினத்தின் செய்தி இதற்கு நேர்மாறானது. ஒலிவாங்கியின் அருகில் வாய்வைத்துப் பகரம் சொன்னால் ‘பொம்’மென்று காற்று மோதும் என்பது பதிவோர் அனைவரும் அறிந்தது. அதற்கென வலைத்திரையும் விற்கப்படுகிறது. ஆனால் தமிழ்ப் பகரம் மூச்சுக்காற்று மிகாத ஒலி. ஆங்கிலத்தில் சொன்முதற் பகரமே காற்றை உந்தி எழுவது. உள்ளங்கையை வாய்முன் பிடித்து, ‘பல்’ என்று தமிழிலும், ‘பென்’ என்று ஆங்கிலேயர் உச்சரிக்குமாறும் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தோலுக்கே தெரியும். எனவே தமிழ்ப் பாட்டொன்றில் பகரந்தோறும் காற்று இடிக்குமாயின், பெரும்பாலும் அப்பாடகன் ஆங்கிலச் சொல்லிசையின் மூச்சைத் தமிழ் எழுத்துக்குள் ஊதுகிறான் என்று பொருள். இங்கே பொறி குற்றவாளி அன்று, சான்றாளி. வலைத்திரை வாங்குமுன் நாவைத் திருத்திக்கொள்ளலாம்.

ழகரத்துக்கு வருவோம். அதைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. ஆதலின் ஒன்றே ஈண்டுக் கூறுதற்குரியது. ல, ள, ழ மூன்றையும் செவி பிரித்தறிவதற்குரிய அடையாளங்களின் பெரும்பகுதி ஒரு நொடிக்கு 1,500 முதல் 3,000 அதிர்வு வரையுள்ள எல்லையில் அமைந்தது. பழைய தொலைபேசி 300 முதல் 3,400 வரையுள்ள ஒலிகளை மட்டுமே கடத்தியது. அதிலும் நல்ல ழகரம் நன்றாகவே கேட்டது. அப்படியிருக்க, பல மடங்கு நுண்மை வாய்ந்த கணினிப் பதிவில் அது ஏன் மறைகிறது? அதே எல்லையில் மின்கிதாரையும், விசைப்பலகையின் ‘தந்திக் கூட்ட’ ஒலியையும், கைத்தட்டல் ஒலியையும் கொண்டுவந்து குவிப்பதால்தான். இருக்கை ஒன்று; அமர வருவோர் நால்வர். ஒலிச்சமன் கருவியால் அவ்வெல்லையில் பக்க இசையைச் சற்றே தணித்தால் ழகரம் தானே எழுந்துவரும். பக்க இசை அடங்கிய இடத்திலும் அது எழவில்லையாயின், ஆசிரியர் தம் சிவப்பு மையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கலப்புப் பாட்டுக்கு உரிய பெருந்தொல்லை ஒன்று உண்டு. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் வந்த திரைப்பாட்டுகள் வாத்தியக் குழு முழுவதும் ஒருங்கே அமர்ந்து வாசித்தவை. அவற்றின் காலப்பிரமாணம் மனிதரது. சரணத்தில் சிறிது தளரும், பல்லவிக்குத் திரும்புகையில் சிறிது முடுகும். கணினியின் கட்டமோ நூல் பிடித்தாற்போன்றது. பழம்பாட்டின் பகுதியைக் கட்டத்துக்குள் வைத்தால் நான்காம் ஆவர்த்தனத்துக்குள் தட்டு விலகிவிடும். பழைய ஒலிநாடாவிலிருந்து எடுத்ததாயின், நாடா ஓடிய வேகத்துக்கேற்பச் சுருதியும் அரைக் கட்டைக்குள் எங்கோ நின்று, விசைப்பலகையோடு முரணும். அதனைப் பொருத்துவதற்காக ஒலியை இழுத்தும் நெருக்கியும் கட்டத்துக்குள் திணிக்கும்போது, குறில் நெடிலாகி ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகிறது; நெடில் குறுகிப் ‘பாடம்’ என்பது ‘படம்’ ஆகிறது.

இசையில் எழுத்துகள் தம் அளவு கடந்து நீளுதல் உண்டு என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபின் முடிவில் உடன்பட்டிருக்கிறாரே என்று புலமையுடையார் வினவலாம். ஆம், உடன்பட்டார். ஆனால் அவர் சொன்னது யாழிசையின் நெறியை ஒட்டி. அதிலும் உயிர் நீளுதலோடு மெய்யும் ஓசை நீளுதலைச் சேர்த்தே சொன்னார். தேர்ந்த பாடகர் மெய்யிலும் நின்று பாடுவர். மகரத்திலும் னகரத்திலும் வாயை மூடி நாதத்தை நிறுத்துவது நாதசுவர மரபறிந்த செவிக்குப் பழகிய இன்பம். குறில் நீண்டாலும் அதன் தொடக்கத்தை அவர்கள் குறிலாகவே தொட்டுவிடுவதால் செவி மயங்குவதில்லை. பொறியின் நீட்டம் அத்தகையதன்று. உயிரை ஒரே சீராக இழுத்து, மெய்யைக் கட்டத்தின் விளிம்பில் நறுக்கிவிடுகிறது. அளவு கடத்தலுக்கு இலக்கணம் தந்த இசைவு இதற்குப் பொருந்தாது.

சுருதியைத் தானே திருத்தும் ‘ஆட்டோடியூன்’ 1997இல் வந்தது. குரலைப் பன்னிரு சுரத்தானங்களில் ஒன்றுக்கு இழுத்து நிறுத்துவது அதன் தொழில். விரைவாக இழுக்குமாறு வைத்துவிட்டால், சுரங்களுக்கு இடையே அசைந்து நிற்பதையே உயிராகக் கொண்ட கமகத்தை அது தவறு என்று கொண்டு படிக்கட்டாக வெட்டும். தோடியின் காந்தாரத்தை அதன் வழியே செலுத்திக் கேட்டவர் மறுமுறை செலுத்தத் துணியார்.

இறுதியாக உறுமி. மலேசியத் தமிழர் தம் கலப்பிசையில் தயக்கமின்றிப் பெருமை கொள்ளத்தக்க ஒலி அது. தோலின்மேல் குச்சியை இழைத்து எழுப்பும் அந்த உறுமல் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் வழுக்குவது. அதன் அடியொலியைக் கணினியின் சிறு ஒலிபெருக்கி காட்டாது. காட்டாத ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது இளைஞர் இயல்பு. அவ்வாறு கூட்டிய பதிவு காஜாங் சாலையில் செல்லும் காரின் பெரிய ஒலிபெருக்கியில் எழும்போது உறுமி ஒன்றே உளது, பாட்டு இலது. உடனே குரலையும் உச்சத்துக்கு உயர்த்தி, எல்லாவற்றையும் ஒரே உரப்பாக நசுக்கிவிடுகின்றனர். நசுங்கிய பதிவில் உயிரும் மெய்யும், வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. எனினும், இக்குறைகளோடு வருகின்ற பாட்டுகளுள்ளும் சொல்வளமும் எதுகைச் செறிவும் உடையன உள. அத்தகைய பாட்டொன்று போட்டிக்கு வருமாயின், பாட்டுக் கோப்போடு, பக்க இசை சேராத வெறுங்குரல் கோப்பையும் கேட்டு வாங்கலாம். மென்பொருளில் அதைத் தனியே எடுப்பது ஒரு மணித்துளி வேலை. வந்தவள் யார் என்பது அதில் தெரிந்துவிடும்.